வெளிச்சத்தை முந்திய லாரி

நெடுங்கழியில் வெளிச்சம் நடக்க ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை, பங்குனி வெயிலில் உப்பு வாருகிற மும்முரத்தில், அதனால் வாயைப் பிளந்துகொண்டு நிற்க ஒருத்தருக்கும் நேரமில்லை. அதுவரை எல்லா ஊரிலும் ஓடுகிற மாதிரி ஓடிக்கொண்டிருந்த வெளிச்சம் அன்றிலிருந்து நடந்தது, அவ்வளவுதான். ஏன் நடந்தது, எந்தச் சாமிக்கு என்ன கோபம், வானத்தில் எந்த ஆணி கழன்றது என்றெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள், கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். மழை ஏன் பெய்யவில்லை என்று கேட்டு நெடுங்கழிக்காரர்கள் என்றைக்காவது பதில் வாங்கியிருக்கிறார்களா?

கிழக்கே கடல், கடலை ஒட்டிக் கண் கூசும்வரை உப்பளம், அதைத் தாண்டி உடைமரக் காடு, அப்புறம் மேட்டில் அம்மன் கோயிலும் ஊரும், இன்னும் மேற்கே ஏறிப் போனால் நெடுஞ்சாலை. இந்த வெட்டவெளிக்குள் மட்டும்தான் வெளிச்சம் அப்படி. நடந்துபோகிறவரை முந்தும், சைக்கிளில் போகிறவரிடம் தோற்கும். வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் பழைய ஓட்டம், நெடுஞ்சாலைத் தாரைத் தொட்டாலும் பழைய ஓட்டம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அவசரமில்லாமல் வருவதால் அது எதையும் வழியில் சிந்தாமல் கொண்டுவந்தது. காத தூரத்தில் நிற்கிறவளின் மூக்குத்திகூடச் சின்னதாக, ஆனால் சுத்தமாகத் தெரிந்தது.

முதலில் அதைக் கவனித்தது தங்கபுஷ்பம். அளத்தில் வாருபலகை பிடிக்கிற பெண்களிலேயே கைவேகமும் வாய்வேகமும் கூடினவள் அவள்தான். எதிர்ப் பாத்தியில் நின்ற பேச்சிமுத்து மதினி "ஏளா, தண்ணி கொண்டா" என்று கேட்டது காதில் விழுந்தது, நிமிர்ந்து பார்த்தால் மதினியின் வாய் மூடியே இருந்தது. தங்கபுஷ்பம் குடத்தைத் தூக்கிக்கொண்டு வரப்பில் நடந்து பாதி தூரம் போனபிறகுதான் அந்த வாய் திறந்து தண்ணீர் கேட்டது. "மதினி, ஒங்க வாயி ஒங்களுக்குப் பின்னால வருது" என்றாள் தங்கபுஷ்பம். "வந்தா வரட்டும், தண்ணியக் குடு" என்றாள் மதினி, அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஊர் அதற்குப் பழகிய விதத்தைச் சொன்னால் அதுவே பெரிய கதை. லாரிக்காரர்கள் வழியெல்லாம் ஆரன் அடித்துக்கொண்டே வரப் படித்தார்கள், ஏனென்றால் லாரி வந்து நின்று டிரைவர் இறங்கி வேட்டியை உதறிக் கட்டியபிறகுதான் அது வந்த காட்சி வந்து சேரும், அதுவும் பின்பக்கமாக நழுவிக் கடலைப் பார்த்துப் போகும். கைகாட்டிக் கூப்பிடுகிற பழக்கம் போய்க் குரல் கொடுக்கிற பழக்கம் வந்தது. தெருவுக்குத் தெரு முறைத்துக்கொண்டவர்கள் வாய்வார்த்தையில் சமாதானம் ஆகிக் காப்பி குடித்து முடித்தபின் அந்த முறைப்பு வந்து சேர்ந்தது, ஆகவே நெடுங்கழியில் முறைப்பை யாரும் சட்டை செய்வதில்லை என்றாகிவிட்டது. பெண் பார்க்க வருகிறவர்கள் நெடுஞ்சாலையில் காரை விட்டு இறங்கினதுமே, அன்று காலையில் அந்த வீட்டு வாசலில் என்ன நடந்ததோ அதுதான் அவர்கள் கண்ணில் விழும், பெண்ணின் அம்மா பக்கத்து வீட்டில் நாற்காலி இரவல் வாங்குவதும், அப்பா சட்டை போடமாட்டேன் என்று அடம்பிடிப்பதும் உட்பட. அதனால் பெண் வீட்டார் விடிந்ததிலிருந்தே யோக்கியமாக நடந்துகொள்ள வேண்டியிருந்தது, அது கொஞ்சம் கஷ்டம்தான். கோயில் வாசலில் தீபம் காட்டினால் தெருக்காரர்கள் ஒரு நேரமும் அளத்துக்காரர்கள் ஒரு நேரமும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், அம்மன் எல்லாக் கும்பிடையும் வாங்கிக்கொண்டாள்.

பஞ்சாயத்தில் ஒரு புதுச் சட்டமும் வந்தது. சாட்சி சொல்ல வருகிறவர் வாயைத் திறக்குமுன் எந்த இடத்தில் நின்று பார்த்தேன் என்று சொல்லவேண்டும், ஊர் அந்தத் தூரத்துக்கு உண்டான நேரத்தைக் கழித்துக்கொள்ளும். நல்ல சட்டம்தான். நடக்கிறவர்கள் எழுதின சட்டம், அதில்தான் பின்னால் வினை வந்தது.

சைக்கிள் ஓட்டுகிற பிள்ளைகளுக்கு இன்னொரு சங்கதி தெரியும். மிதிமிதியென்று மிதித்து வெளிச்சத்தை முந்திக்கொண்டே திரும்பிப் பார்த்தால், பின்னால் எல்லாம் பின்னோக்கி நடக்கும். கொட்டிய குடம் நிரம்பும், துப்பிய வெற்றிலை வாய்க்குள் திரும்பும், ஓடின கோழி வால் முன்னால் போகக் கூண்டுக்குள் நுழையும். முந்தினதை நிறுத்தி நின்று பார்த்தால் எல்லாம் மறுபடி நேராக நடக்கும். பெரியவர்கள் இதைப் பிள்ளைகள் கூத்து என்று விட்டுவிட்டார்கள்.

பெங்களூரிலிருந்து நளாயினி என்று ஒரு இயற்பியல்காரி வந்தாள். ஊர் அவளை டீச்சர் என்று கூப்பிட்டது, அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள், கேட்கவில்லை. கருவிகளோடு அளத்தின் ஒரு மூலையில் அவளும், இன்னொரு மூலையில் விளக்கைப் பிடித்துக்கொண்டு தங்கபுஷ்பமும் நின்று நாள்கணக்கில் அளந்தார்கள். உலகத்தில் எதுவும் வெளிச்சத்தை முந்தமுடியாது என்று படித்துவந்தவள் அவள். ஒருநாள் இரவல் சைக்கிளில் ஏறி அதை முந்தி, வரப்பில் இறங்கி உட்கார்ந்து, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாதபடி முகத்தைப் பொத்திக்கொண்டாள். "அக்கா, நட்சத்திரத்தைப் பார்க்கிறதும் இதே கதைதான். நாம பார்க்கிறது அது எப்பவோ விட்டனுப்பின வெளிச்சம். உலகம் பிறந்தப்ப கிளம்பின வெளிச்சம்கூட இன்னும் வந்துகிட்டுத்தான் இருக்கு. நடந்து முடிஞ்சது நெசமாவே முடிஞ்சுதான் போச்சா, இல்ல எங்கேயாவது இருக்கான்னு பெரிய பெரிய ஆளுங்க மண்டையை உடைச்சுக்கிறாங்க" என்றாள். தங்கபுஷ்பம் கொஞ்சம் யோசித்தாள். "அப்பம் நேத்து நான் எம்மவளை அடிச்சது எங்கனயோ போய்க்கிட்டு இருக்குன்னு சொல்லுதியளா?" என்று கேட்டாள். "ஆமாக்கா." அன்று முதல் தங்கபுஷ்பம் மகளை வெளியில் வைத்து அடிப்பதில்லை.

இனிதான் விஷயம். அளத்துச் சங்கத்தில் அந்த வாரம் தங்கபுஷ்பத்தின் பேருக்கு நாலு பாத்தி எழுதிக்கொடுப்பதாக இருந்தது. நெடுங்கழியில் பெம்பிளை பேரில் பாத்தி இருந்ததே கிடையாது. அப்பன் பேரில் இருக்கும், புருசன் பேரில் இருக்கும், அவன் செத்தால் மகன் பேருக்குப் போகும். கூலிக்கு வாரி வாரிக் கால் வெடித்த தங்கபுஷ்பம் மழைக்காலம் பூராவும் அலைந்து, அழுது, சத்தம்போட்டு, வாதாடி வாங்கிய நாலு பாத்தி. சங்கத் தலைவர் சேர்மத்துரை அண்ணாச்சி அரைமனசாகத்தான் ஒத்துக்கொண்டிருந்தார். முந்தின நாள்தான் குடிதண்ணீர்த் தொட்டி காய்ந்து கிடப்பதைப் பற்றி அவரோடு அவளுக்குப் பெரிய சண்டை. "தவிச்ச வாய்க்குத் தண்ணி தராத மனுசன் பாத்தி கரைஞ்சுதான் போவும்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். வாய்வேகம் கூடினவள் என்று சொன்னேன் இல்லையா?

மறுநாள் பௌர்ணமிக்கு அடுத்த விடியல். கடல் பொங்கி ஓடையில் ஏறியிருந்தது. முதல் ஆளாக அளத்துக்கு வந்த தங்கபுஷ்பம் கண்ணால் கண்டது இது: பெரிய மடையின் பலகை உளுத்து, ஓதத் தண்ணீர் அதை அடியிலிருந்து நெம்பி நெம்பி மேலே தூக்கி, கடைசியில் பலகை கழன்று மிதந்து, கடல் திபுதிபுவென்று சேர்மத்துரையின் பாத்திகளுக்குள் இறங்கியது. விளைந்து வாருவதற்குத் தயாராக நின்ற உப்பு பாலாகக் கரைந்தது. கத்தினாள், காவல்கொட்டகையில் இருந்த பலவேசம் மாமாவுக்குக் கேட்கவில்லை, அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். பின் அவள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு மடை வாயில் இறங்கி, கடலுக்கு முதுகைக் கொடுத்து, குறுக்கே உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் முதுகில் அறைந்தது. கல்லும் சேறும் கைக்கு எட்டியதையெல்லாம் இருபுறமும் அணைத்து, மிதந்த பலகையைக் காலால் இழுத்து, எழுந்து அதை வாய்க்குள் செருகி, ஏறி மிதித்து இறுக்கினாள். சேர்மத்துரையின் பாத்தி போயிற்று. மற்றதெல்லாம் பிழைத்தது. வரப்பில் வந்து மல்லாந்து படுத்துக்கொண்டு மூச்சு வாங்கினாள், மனசு நிறைந்திருந்தது, ஊரையே காப்பாற்றிவிட்டோம் என்று அவளுக்குச் சந்தோஷம்.

ஊர் லாரியில் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போனது மாலை போடுவதற்கு இல்லை.

கோயில் மேட்டில் கூட்டம் நெரிந்தது. பலவேசம் மாமா நடுவில் நின்றார். இருபத்தெட்டு வருசக் காவல்காரர், பொய் சொல்லத் தெரியாத மனுசர். அவர் சொன்னால் ஊர் மறுபேச்சு பேசாது. "எங்கன நின்னு பாத்தீரு?" என்று சட்டப்படி கேட்டார்கள். "ஓடைப் பாலத்துப் பக்கம்" என்றார். கணக்குப்பிள்ளை விரலை மடக்கி நேரத்தைக் கழித்தார். "என்ன பாத்தீரு?" மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சொல்லவே நாக்கு கூசுது. புஷ்பம் மடைமேல நின்னா. குனிஞ்சு பலகையப் புடுங்குனா. புடுங்குனதும் தண்ணி பாய்ஞ்சுது. என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

"நான் அடைச்சேன் மாமா! அடைச்சேன்! முதுகப் பாருங்க, தோலு உரிஞ்சு கெடக்கு!" என்று தங்கபுஷ்பம் கத்தினாள்.

"மடையில கைவச்சவ அளத்துல கால்வைக்கக் கூடாது, அது சங்கத்துச் சட்டம்" என்றார் சேர்மத்துரை. ஒரு வருச உப்பு கரைந்த மனுசன், அவரையும் குறை சொல்ல முடியாது. "நாலு பாத்தியும் கெடையாது, கூலியும் கெடையாது. இல்ல, நான் செய்யலங்கியா? சூடம் கொளுத்தியிருக்கு. அம்மன் முன்னால அணைச்சுச் சத்தியம் பண்ணு. பண்ணிட்டுப் போ."

எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தால் அந்த ஊரில் வழக்கு முடிந்தது. யாராயிருந்தாலும் செய்திருப்பார்கள். ஊரே அம்மனைப் பார்த்து, அதாவது மேற்கே பார்த்து, சூடத்தின்மேல் கண்ணை வைத்துக்கொண்டு நின்றது. தங்கபுஷ்பமும் கையை நீட்டிவிட்டாள். நீட்டினவள் அப்படியே நிறுத்தினாள். சத்தியம் பண்ணினால் ஊர் விட்டுவிடும், ஆனால் நம்பாது. பலவேசம் கண்ணால் பார்த்தாரே என்று சாகிறவரை முதுகுக்குப் பின்னால் பேசும். அவளுக்குப் பொறுக்கவில்லை.

"மாமா, நான் எப்படி நடந்து போனேன்?" என்றாள்.

"என்னது?"

"பலகையப் புடுங்குனேம்லா. புடுங்கிட்டு எப்படிப் போனேன்?"

மாமா யோசித்தார். "அதான் எனக்கும் ஒரு மாதிரி இருந்துச்சு. யாராவது பாக்காவளான்னு பயந்தாப்புல, பின்னாலயே அடியெடுத்து வச்சுப் போனே."

"தண்ணி எந்தப் பக்கமா ஓடுச்சு?"

"தண்ணியா... தண்ணி..." மாமாவின் முகம் வெளுத்தது. "கடலப் பாத்து ஓடுச்சு. ஆமா, பாத்தியிலருந்து கடலப் பாத்து."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. ஓரமாக நின்ற நளாயினி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "ஐயா, அந்த நேரம் நீங்க நின்னுகிட்டா இருந்தீங்க, போய்க்கிட்டா?"

"போய்க்கிட்டுத்தான். புது மொபெட்டுல்லா. நேத்துதான மருமவன் வாங்கித் தந்தான். இத்தனை வருசமும் நடந்துதான் வீட்டுக்குப் போவேன். பாலத்துப் பக்கம் வரும்போது அளத்தைத் திரும்பிப் பாத்தேன்."

"மாமா பாத்தது பின்னோக்கி!" என்று பிள்ளைகளெல்லாம் ஒரே நேரத்தில் கத்தின. பெரியவர்களுக்கு விளங்க அப்புறமும் கொஞ்ச நேரம் பிடித்தது. சேர்மத்துரை மட்டும் அசையவில்லை. "இது டீச்சர் கட்டுன கதை. மொபெட்டுல போனா கண்ணு பொய் சொல்லுமோ? சத்தியம் பண்ணுதியா, இல்லையா?"

தங்கபுஷ்பம் கையை மடக்கிக்கொண்டாள். "பண்ண மாட்டேன் அண்ணாச்சி. சத்தியம் எதுக்கு, கண்ணு இருக்கும்போது? நான் மடையில குத்தவச்சிருந்தது விடியல்ல. அந்த வெளிச்சம் இந்த மேட்டுக்கு இப்பதான் வந்திருக்கும். நீங்க எல்லாரும் அளத்துக்கு முதுகக் காட்டிக்கிட்டுச் சூடத்தைப் பாத்து நிக்கிய. என் சாட்சி ஒங்க முதுகுக்குப் பின்னால வந்து, ஒங்களத் தாண்டி, மேக்க நடந்து போய்க்கிட்டு இருக்கு. வாங்க, போய்ப் பிடிப்போம்."

ஊர் சூடத்தை விட்டு அவளைப் பார்த்தது. அம்மனும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கவேண்டும்.

"ரோட்டுக்குப் போய்ட்டா அவ்வளவுதான், தாரைத் தொட்டதும் பறந்துடும். அப்புறம் உலகத்துல எந்த வண்டியாலயும் பிடிக்க முடியாது" என்று நளாயினி பதறினாள். அந்தப் பதற்றம்தான் ஊரை அசைத்தது. சேர்மத்துரையின் மூன்று உப்பு லாரிகளும் கோயில் அடியிலேயே நின்றன. டிரைவர்கள் அண்ணாச்சி முகத்தைப் பார்த்தார்கள். அண்ணாச்சி சூடத்தைப் பார்த்தார், தங்கபுஷ்பத்தின் தோல் உரிந்த முதுகைப் பார்த்தார். "எடுங்கலே வண்டிய" என்றார். "பொய்யின்னு தெரியட்டும், அங்கனயே வச்சுப் பேசிக்கிடுதேன்."

அப்புறம் நடந்ததை நெடுங்கழி இன்னும் நூறு வருசம் பேசும். ஆணும் பெண்ணும், பிள்ளை தூக்கினவளும், ஊன்றுகோல்காரரும், பூசாரியும் லாரிகளில் ஏறி, எல்லாரும் பின்பக்கம் பார்த்து நின்றுகொண்டார்கள். லாரிகள் ஆரனை அழுத்தியபடி மேற்கே பறந்தன. வீடுகளும் மரங்களும் விலகி, ரோட்டு மேட்டில் ஏறியதும் அளம் முழுவதும் கண்முன் விரிந்தது, லாரி வெளிச்சத்தை முந்த முந்த அந்த விடியற்காலை பின்னோக்கிச் சுருண்டது. மடைமேல் தங்கபுஷ்பம் நின்றாள். குனிந்தாள். பலகையைப் பிடுங்கினாள். தண்ணீர் கடலைப் பார்த்துப் பாய்ந்தது.

"பாத்தியளா! பாத்தியளா!" என்று சேர்மத்துரை கத்தினார். "இதத்தான் நானும் பாத்தேன்" என்றார் பலவேசம் மாமா, அழுதுவிடுவார் போலிருந்தது. ஒரு நிமிசம், அந்த ஒரு நிமிசம், ஊர் முழுதும் அவளைத் திரும்பிப் பார்த்தது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பொறுங்க" என்றாள். "வண்டி நிக்கட்டும்."

ரோட்டுக்கு ஒரு கூப்பிடு தூரத்தில் லாரிகள் நின்றன. எல்லாரும் இறங்கி, மேட்டில் வரிசையாகக் கிழக்கே பார்த்து நின்றார்கள். அளத்தில் இன்னும் பொழுது சரியாக விடியவில்லை, வெளிச்சத்துக்கு முன்னால் வந்துவிட்டார்கள். காத்திருந்தார்கள்.

வெளிச்சம் தன் பாட்டுக்கு நடந்து வந்து சேர்ந்தது. மடை தெரிந்தது, மடையில் ஒருத்தரும் இல்லை. கடல் பொங்கிப் பலகையை நெம்பியது, உளுத்த பலகை ஆடியது, கழன்றது, மிதந்தது. "எப்பா" என்றார் யாரோ. வரப்பில் சின்ன உருவமாக ஒருத்தி ஓடிவந்தாள், முன்னோக்கி, தலைதெறிக்க. கையை வீசிக் கத்தினாள், சேலையை வரிந்தாள், இறங்கினாள், கடலுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தாள். தண்ணீர் அறைந்த ஒவ்வொரு தடவையும் மேட்டில் நின்ற பெண்கள் "அம்மா" என்றார்கள், தங்கள் முதுகில் விழுந்த மாதிரி. தண்ணீர் அவளைச் சாய்த்தது, எழுந்தாள், மறுபடி சாய்த்தது, மறுபடி எழுந்தாள். பலகையைக் காலால் இழுத்தாள். செருகினாள். ஏறி மிதித்தாள். கடல் நின்றது.

பேச்சிமுத்து மதினிதான் முதலில் குலவை போட்டாள். அடுத்து இன்னொருத்தி, அடுத்து இன்னொருத்தி, அப்புறம் மேடு முழுவதும் குலவை. பூசாரி தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார், யாருக்கு அந்த மரியாதை என்று அவருக்கே தெரியாது. பலவேசம் மாமா வந்து தங்கபுஷ்பத்தின் முன்னால் நின்றார். "நீங்க கண்டதத்தான சொன்னிய மாமா, விடுங்க" என்றாள் அவள்.

சேர்மத்துரை கடைசியாக வந்தார். "உளுத்த பலகைய மாத்தணும்னு நீ போன மாசமே சொன்னே. நான்தான் தள்ளிப்போட்டேன்" என்றார். "நாலு பாத்தி இல்ல, ஆறா எடுத்துக்கோ தாயி."

"நாலு போதும் அண்ணாச்சி. எனக்கு வாக்குக் குடுத்தது நாலு. அந்த நாலையும் இப்ப, இங்கன வச்சு, எல்லார் முன்னாலயும் எம் பேரச் சொல்லி ஒப்படைங்க. தண்ணித் தொட்டிய இன்னைக்கே நெரப்புங்க."

அவர் சொன்னார். உரக்கவே சொன்னார். அந்த நேரத்தில்தான் அந்த வெளிச்சம் அவர்களைத் தாண்டிப் போய் நெடுஞ்சாலையைத் தொட்டது, கண்சிமிட்டுகிற நேரத்தில் காணாமல் போனது. நளாயினி வானத்தைப் பார்த்தபடி நின்றாள். "போயிருச்சு அக்கா. இந்நேரம் நிலாவைத் தாண்டியிருக்கும். இனிமே அது நிக்காது. நீங்க மடையில உட்கார்ந்திருக்கிறது நட்சத்திரம் நட்சத்திரமா போய்க்கிட்டே இருக்கும்."

"மூஞ்சி பூராவும் சேறு, கழுவிட்டு உக்காந்திருக்கலாம்" என்று தங்கபுஷ்பம் சொன்னாள், சொன்னபிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது, வாய்விட்டு அழுதாள், பெண்கள் சுற்றி நின்று பிடித்துக்கொண்டார்கள்.

திரும்பும்போது அவளை முதல் லாரியின் முன்னால், டிரைவர் கேபினுக்கு மேலே ஏற்றி உட்காரவைத்தார்கள். இப்போது லாரி வெளிச்சத்துக்கு எதிராகப் போனது, அதனால் அன்றைய காலை மிச்சமும் அவர்களைப் பார்த்துப் படுவேகமாக ஓடிவந்தது. அளத்தில் ஒரு லாரி துள்ளி வந்து நின்றது. அதிலிருந்து நெடுங்கழி ஊரே கொத்துக்கொத்தாகக் குதித்து வரப்பில் ஓடியது. சேர்மத்துரை கையை ஆட்டி ஆட்டிக் குதித்தார், வேட்டி அவிழ்ந்தது, கட்டினார், மறுபடி குதித்தார். பூசாரி சேற்றில் விழுந்தார், எழுந்தார், அவர்மேல் கணக்குப்பிள்ளை விழுந்தார். வரப்பில் படுத்திருந்த ஒரே ஒருத்தியைப் பிடிக்க அத்தனை பேரும் மொய்த்தார்கள்.

லாரியில் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். மேலே உட்கார்ந்திருந்த தங்கபுஷ்பம் மட்டும் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவள், சேர்மத்துரையின் வேட்டி இரண்டாம் தடவை அவிழ்ந்தபோது சிரித்துவிட்டாள்.

"குனியாதிய, பாருங்க!" என்று மேலேயிருந்து கத்தினாள். "நல்லாப் பாருங்க, ஊரே வந்திருக்கு என்னப் புடிக்க!"

சேர்மத்துரை மெல்லத் தலையைத் தூக்கினார். பார்த்தார். "அடக் கடவுளே, நானா அது?" என்றார்.

"நீங்கதான் அண்ணாச்சி!"

அவர் வாயைப் பொத்திப் பார்த்தார், முடியவில்லை. அவர் சிரித்ததும் லாரி முழுவதும் சிரித்தது, பின்னால் வந்த இரண்டு லாரிகளும் சிரித்தன, உடைமரக் காடு தாண்டி அளம் வரும்வரை சிரிப்பு நிற்கவில்லை. தன் நாலு பாத்தியின் வரப்பு தெரிந்ததும் தங்கபுஷ்பம் வண்டி நிற்பதற்கு முன்னாலேயே குதித்து இறங்கிவிட்டாள்.